கரண்ட் இல்லாத நாலு நாளும் கீழறைக்குள் ஏறும் தண்ணீரும்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். நீங்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறீர்கள். கிளிநொச்சி வட்டக்கச்சியில் அம்மாவுக்கும் தங்கச்சி குடும்பத்துக்கும் வீடு கட்டியபோது, காணி பின்பக்கம் சரிவாக இருந்ததால், வீட்டின் கீழே நாலடி ஆழத்தில் பத்துக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றை இறக்கினீர்கள். நெல் மூட்டை, இன்வெர்ட்டர், பற்றரி, கிணற்று மோட்டரின் சுவிச் எல்லாம் அங்கேதான். கனடா வீடுகளில் இருப்பதுபோல் தரையில் ஒரு குழி வெட்டி, தண்ணீர் சேர்ந்தால் தானாக ஓடும் பம்ப் ஒன்றும் வைத்தீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையோடு கரண்ட் போனது, நாலு நாள் வரவில்லை. இரண்டாம் நாள் அறைக்குள் இடுப்பளவு தண்ணீர். பற்றரியும் இன்வெர்ட்டரும் அதற்குள்ளேயே அமிழ்ந்துவிட்டன, மூட்டையில் இருந்த நெல் முளைகட்டிவிட்டது. வருகிற மாரிக்கு முன் இன்னும் பெரிய பற்றரி வாங்குவதா, ஜெனரேற்றர் வாங்குவதா என்று கேட்கிறீர்கள்.

இரண்டையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். 2012க்குப் பிறகு மீள்குடியேற்ற வீடுகள் கட்டிய காலத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டத்திலும் ஆறேழு வருடம் மேற்பார்வையாளராக நின்றவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நம்முடைய ஊரில் வெள்ளமும் கரண்ட் போவதும் ஒரே மழையில் வருகிற இரட்டைப் பிள்ளைகள். கரண்ட் இருந்தால் மட்டும் வேலை செய்கிற பொருள், அது தேவைப்படுகிற இரவில் கட்டாயம் நின்றுவிடும். அதனால் உயரத்தையும் சரிவையும் முதலில் பாருங்கள். மிசினை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

பற்றரிக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் காசு மிச்சப்படட்டும். அரைக் குதிரைவலு பம்ப் ஓடும்போது ஏறத்தாழ 600 வாற்று இழுக்கும், தொடங்கும் கணத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. 12 வோல்ட் 100 அம்பியர் மணி ஈயப் பற்றரி ஒன்றில் 1,200 வாற்று மணி சக்தி இருக்கிறது. பற்றரி கெடாமல் இருக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம், 600. இன்வெர்ட்டர் தின்பதைக் கழித்தால் பம்ப் ஒரு மணி நேரமும் தாக்குப்பிடிக்காது, முக்கால் மணி சொச்சம். நாலு நாளில் நாலில் ஒரு பங்கு நேரம்தான் பம்ப் ஓடவேண்டி வந்தது என்று வைத்தாலும் 24 மணி நேரம். அதற்கு அப்படிப்பட்ட பற்றரி 28 வேண்டும். கனடாவில் பற்றரி வைத்த பம்ப் உதவுகிறது என்றால், அங்கே பெரும்பாலும் சில மணி நேரத்தில் கரண்ட் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையில்தான். 2013 யூலை 8ஆம் தேதி ரொறன்ரோ விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்து லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கரண்ட் போனபோது, அங்கேயும் எத்தனையோ பேஸ்மென்ட் நிரம்பியது. நீங்களே அதைப் பார்த்திருப்பீர்கள்.

சரி, உங்கள் அறைக்கு வருவோம். அதற்கு முன் ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிலத்துக்குக் கீழே தோண்டினால் மாரியில் என்ன நடக்கும் என்பதை வன்னியில் போர்க்காலத்துப் பங்கர், அதாவது பதுங்குகுழிதான் எங்களுக்குப் படிப்பித்தது. 2008 நவம்பர், நிஷா புயல் மழை. நாங்கள் இடம்பெயர்ந்து தர்மபுரத்துக்கு அப்பால் ஒரு காணியில் தறப்பாள் கட்டியிருந்தோம். பங்கரை ‘ட’ எழுத்துப்போல் மடக்கி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, சேலையில் தைத்த மண் மூட்டைகளைப் போட்டிருந்தோம். மழை பிடித்த முதல் நாள் படி வழியாக மண்ணிறத் தண்ணீர் இறங்கியது. வாசலில் வரம்பு கட்டினேன், அது நின்றது. இரண்டாம் நாள் காலை பார்த்தால் உள்ளே முழங்காலளவு தண்ணீர், ஆனால் தெளிந்த தண்ணீர். அடியில் கிடந்த அலுமினியக் கோப்பையின் நெளிவு மேலிருந்தே தெரிந்தது. சட்டியால் இறைத்தேன். மத்தியானம்வரை இறைத்து வற்றப் பண்ணினால், பொழுது படும்போது பழையபடி அதே மட்டம். மூன்றாம் முறை இறைக்கும்போது அம்மா மேலே நின்று, ‘இறைச்சது போதும், ஏறி வா’ என்று கத்தினா. ஏறிக் கொஞ்ச நேரத்தில் கிழக்குப் பக்கச் சுவர் அப்படியே சரிந்து விழுந்தது. தண்ணீர் உள்ளே நின்றபோது மண்சுவரை அந்தத் தண்ணீரே தாங்கிக்கொண்டிருந்தது. நான் தண்ணீரை எடுத்ததும், வெளியே ஊறிப்போன மண் முழுப் பாரத்தையும் உள்பக்கம் தள்ளிவிட்டது.

அந்த இரண்டு தண்ணீரையும் பிரித்துப் பார்ப்பதில்தான் உங்கள் வேலை தொடங்குகிறது. ஒன்று மேலால் ஓடிவந்து வாசலாலும் சன்னலாலும் இறங்கும் கலங்கல் தண்ணீர். மற்றது நிலத்தடி மட்டம் உயர்ந்து, தரையாலும் சுவர் அடியாலும் ஊறி வரும் தெளிந்த தண்ணீர். முதலாவதை மறிக்கலாம். இரண்டாவதை மறிக்கவும் முடியாது, இறைத்து முடிக்கவும் முடியாது, ஏனென்றால் நீங்கள் இறைப்பது அறையை மட்டும் இல்லை, பக்கத்துக் காணியையும் வயலையும் குளத்தின் கசிவையும் சேர்த்துத்தான்.

தங்கச்சியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அன்றைக்கு அறைக்குள் நின்ற தண்ணீர் தெளிவா கலங்கலா? வற்றிய பிறகு தரையில் சேறு படிந்ததா? விரலளவு சேறு இருந்தால் அது வெளியிலிருந்து ஓடிவந்தது. சேறு இல்லை, சுவரில் உப்புப் பூத்தமாதிரி வெள்ளைக் கோடு மட்டும் என்றால் அடியால் ஊறியது.

அதைவிட நம்பிக்கையான சோதனை உங்கள் வளவுக் கிணறு. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, நிலமட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்று ஐப்பசி தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அளந்து, கலண்டரில் எழுதச் சொல்லுங்கள். மழை பிடித்தால் தினமும் அளக்க வேண்டும். உங்கள் அறையின் தரை நாலடி கீழே இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் ஐந்தடிக்கு ஏறினால் எச்சரிக்கை, நாலடிக்கு ஏறினால் அன்று இரவே அறைக்குள் ஊறும். வட்டக்கச்சி இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி வாழ்கிற ஊர். பக்கத்தில் வாய்க்காலும் வயலும் நிறைந்திருக்கும் மார்கழியில் கிணறு வாய்வரை வருவதும் புதுமை இல்லை. காசு செலவில்லாத இந்த அளவுகோலை விட்டுவிட்டு போனில் மழைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதுதான் எனக்குக் கவலை.

இன்னொரு கணக்கு, மேசன்மார் அடிக்கடி மறந்துவிடுவது. உங்கள் அறைத் தரை 120 சதுர அடி. வெளியே நிலத்தடி நீர் தரைக்கு மேல் மூன்றடி உயர்ந்தால், தரையைக் கீழிருந்து மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 10 தொன். நாலு அங்குலக் கொங்கிறீற்றுத் தரையின் பாரமோ மூன்று தொன்னுக்கும் குறைவு. அறையைக் காய்ந்தபடி வைத்திருக்கப் பாடுபட்டால் தரை வெடிக்கும், அல்லது சுவர் பிளக்கும். உட்பக்கம் பூசுகிற தண்ணீர் புகாத பெயின்றுக்கும் இதே கதைதான். தண்ணீர் வெளியிலிருந்து தள்ளும்போது உள்பூச்சு ஒரு மாரியில் தோலுரிந்துவிடும். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

அதனால் என் தெளிவான அபிப்பிராயம்: அந்தக் கீழறையைக் கோடைக்கு மட்டும் பாவியுங்கள். ஐப்பசி பிறக்கும்போது அது வெறுமையாக இருக்க வேண்டும். தண்ணீர் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். கெடுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் அது வெறும் தொட்டிதான். இல்லை, வருடம் முழுக்க அறை வேண்டும் என்றால் தரையை இரண்டடி உயர்த்துங்கள். கிரவல் போட்டு இறுக்கி, மேலே புதுத் தரை. கூரை உயரம் குறையும், குனிந்து நடக்க வேண்டி வரும், ஆனால் கிணற்று மட்டத்தோடு நடக்கிற சண்டை பாதியாகிவிடும்.

நெல்லை மேலே கொண்டுபோங்கள். எங்கள் பாட்டன் பூட்டன் நெல்லை நிலத்துக்குக் கீழே வைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. கொம்பறை என்றால் கால்களின் மேல் உயர்ந்து நிற்கும், வரிச்சு கட்டி மண் பூசியது, அடியால் காற்றும் போகும், கோழியும் போகும். இன்றைக்குக் கொம்பறை கட்டச் சொல்லவில்லை. விறாந்தைக்குப் பக்கத்து அறையில் மூன்றடி உயரத்துக்குச் சீமெந்துக் கல் தூண் நாலு வைத்து, மேலே பலகை அடுக்கினால் இருபது மூட்டை நிற்கும். விதை நெல்லை மட்டும் தனியே, பரணில்.

இன்வெர்ட்டர், பற்றரி, மோட்டர் சுவிச் மூன்றும் மேல் வீட்டில், தரையிலிருந்து குறைந்தது நாலடி உயரத்தில் சுவரில் ஏற வேண்டும். 2018 வெள்ளத்தில் கிளிநொச்சியில் பன்னங்கண்டி, முரசுமோட்டைப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் நின்ற கோட்டைப் பார்த்தவர்களுக்கு நாலடி ஏன் என்று விளங்கும். கீழறைக்குப் போகும் வயர் எல்லாம் தனி இணைப்பாக இருக்கட்டும், அதற்கென்று ஒரு தனி பிரேக்கர், அதுவும் மேலே. கீழே ஒரு விளக்கு மட்டும் போதும், பிளக் பொயின்ற் ஒன்றும் வேண்டாம். கரண்ட் கசிந்தால் தானாக வெட்டும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் சரியாக விழுகிறதா என்று அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் அந்தப் பொத்தானைக் காட்டிக்கொடுங்கள், அவ வீட்டில் தனியே இருக்கிற நேரம்தான் அதிகம்.

தண்ணீர் வாசலுக்கு வருகிறது என்று தெரிந்தால், கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெயின் சுவிச்சை நிறுத்திவிட வேண்டும். கரண்ட் இல்லைதானே என்று விட்டால், நடுச்சாமத்தில் திடீரென்று வரும், அப்போது ஆள் தண்ணீருக்குள் நிற்கும். தண்ணீரில் நின்றுகொண்டு, அல்லது தண்ணீரைக் கடந்துபோய்ச் சுவிச்சைத் தொடவே கூடாது. பிந்திவிட்டால் தொடாமல் வெளியேறி 1987க்கு அழைத்து, இணைப்பைத் துண்டிக்கச் சொல்ல வேண்டும்.

கூரையில் சோலர் போட்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிப் போடுகிற பலரும் இதில் ஏமாறுகிறார்கள்: மின்சார சபையின் கம்பியோடு இணைத்த சாதாரண சோலர், ஊரில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிற ஆளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். நல்ல வெயில் அடித்தாலும் வீட்டுக்கு ஒரு சொட்டு வராது. பற்றரியோடு தனித்து ஓடக்கூடிய இன்வெர்ட்டரா என்று போட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அப்புறம் இன்னொன்று, பகல் வெளிச்சம் இருக்கும்வரை கூரைத் தகட்டிலிருந்து இறங்கும் வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அந்தப் பெட்டி வெள்ளத்தில் நனைந்தால் யாரும் கிட்டப் போகக் கூடாது.

இனி வெளிவேலை. உங்கள் காணி பின்பக்கம் சரிவு என்பது பெரிய கொடை, அதை நீங்கள் இன்னும் பாவிக்கவில்லை. கீழறைத் தரை மட்டத்திலிருந்து ஒரு நாலு அங்குலக் குழாயைச் சரிவில் புதைத்துக்கொண்டு போய், காணியின் தாழ்ந்த மூலையில் வெளியே திறந்துவிட முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் பம்ப் என்ற பேச்சே வேண்டாம். தண்ணீர் தானாக இறங்கி ஓடும், நாலு நாள் என்ன நாற்பது நாளும் கரண்ட் தேவையில்லை. முடியுமா என்பதை மேசன்மார் வைத்திருக்கும் நீர்மட்டக் குழாயால் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்: அறைத் தரையைவிடக் காணி மூலை ஓர் அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். குழாயின் வெளிவாயில் ஒருவழிக் கதவு போட மறக்காதீர்கள், அந்த மூலையில் வெள்ளம் நின்றால் குழாய் வழியாகவே திரும்பி வரும். தவளை, பாம்பு ஏறாமல் ஒரு வலையும்.

கூரை ஓரத்துப் பீலியில் சேரும் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 9,000 லீற்றருக்கு மேல் தண்ணீர். வன்னி மாரியில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் அதிசயம் இல்லை. அதை முழுவதும் கீழறைச் சுவருக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு உள்ளே ஏன் ஊறுகிறது என்று கேட்கும் வீடுகளை நான் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். பீலிக் குழாயைப் பத்தடி தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். வீட்டைச் சுற்றி முதல் பத்தடிக்கு ஆறு அங்குலமாவது வெளிப்பக்கம் சரிவு இருக்கும்படி மண் போட்டு இறுக்குங்கள். மேற்பக்கத்தில் வயல் வரம்புபோல் ஓர் அணை, அதன் அடியில் ஒரு வாய்க்கால், அது வளவைச் சுற்றித் தாழ்ந்த மூலைக்கு. பக்கத்து வளவுக்காரர் வாசலில் விட்டுவிடாதீர்கள். வெள்ளத்தில் தொடங்கிய வேலிச் சண்டை பங்குனிவரை நீளும்.

ஒரு கண்டிப்பான வார்த்தை. இந்த வாய்க்காலுக்கோ குழாய்க்கோ மண்வெட்டி போடும்போது, துருப்பிடித்த இரும்பு எதுவும் தட்டுப்பட்டால் அந்த இடத்தில் வேலையை நிறுத்தி, தொடாமல் அடையாளம் வைத்து, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்ல வேண்டும். கண்ணிவெடி அகற்றிய காணி என்றாலும்தான். வெள்ளம் வெடிபொருளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுத்துக்கொண்டு வரும், வெள்ளம் வற்றிய வளவில் பிள்ளைகள் விளையாட்டுக்குப் பொறுக்கிவிடுவார்கள். இதைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மாரிக்கும் திரும்பச் சொல்ல வேண்டும்.

வாசலுக்கு மண் மூட்டை: உரப்பையில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் மண் நிரப்பி, வாயை மடித்து, கல் கட்டுவதுபோல் மூட்டு விலத்தி அடுக்கி மிதிக்க வேண்டும். அடியிலும் வெளிமுகத்திலும் பொலித்தீன். நிறைய நிரப்பிய மூட்டை உருண்டையாக நிற்கும், இடையால் தண்ணீர் போகும். இரண்டடிவரை இது தாங்கும். வெளியே மூன்றடி தாண்டினால் மறிப்பதை விட்டுவிடுங்கள், சுவர் போய்விடும். உள்ளே வரவிட்டு, ஆட்கள் வெளியேற வேண்டும்.

கீழறையில் மலசலகூடம் இருந்தால் மலக்குழி நிறைந்ததும் அதன் வழியாகவே அழுக்கு மேலே வரும். தடித்த பொலித்தீன் பையில் மண் நிரப்பி மலக்கோப்பையின் வாயில் இறுக்கி வைக்கலாம். நிலத்தடியில் பிளாஸ்ரிக் தண்ணீர்த் தொட்டி புதைத்திருந்தால் மழைக்கு முன் அதை நிரப்பிவிடுங்கள். 5,000 லீற்றர் வெறுந்தொட்டியை ஊறிய மண் ஐந்து தொன் விசையில் மேலே தூக்கும், குழாயெல்லாம் முறியும்.

சரி, மிசின். ஜெனரேற்றர் வாங்க நினைத்த காசில் பத்தில் ஒரு பங்கும் தேவைப்படாது, ஏனென்றால் மச்சானிடம் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் இரண்டு அங்குல மிசின் கட்டாயம் இருக்கும். அது நிமிடத்துக்கு 400 லீற்றர் இறைத்தாலும், உங்கள் அறையில் ஓரடித் தண்ணீர் என்பது 3,400 லீற்றர்தான், பத்து நிமிட வேலை. அந்த மிசினைக் கார்த்திகைக்கு முன் பிளக் மாற்றி, ஒருமுறை இழுத்து ஓடவிட்டு, எண்ணெயோடு மேட்டில் வைத்திருந்தால் போதும். ஆனால் மிசினைக் கீழறைக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. புகையில் நெடி தெரியாத நச்சு வாயு இருக்கிறது, அடைத்த இடத்தில் சில நிமிடத்தில் ஆளைச் சாய்த்துவிடும். விழுந்தவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து விழுவார். மிசின் வெளியே, கதவு சன்னலுக்கு இருபது அடி தள்ளி நிற்கட்டும், உறிஞ்சும் குழாயை மட்டும் இறக்குங்கள். மேட்டில் நின்று இருபதடிவரை உறிஞ்சும். ஜெனரேற்றருக்கும் இதே சட்டம், விறாந்தையிலும் வைக்கக் கூடாது.

இறைக்கும் வேகம்தான் முக்கியம், என்னுடைய பங்கரை மறவாதீர்கள். வெளியே நிலம் ஊறியிருக்கும்போது முழுவதையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். ஓரடி இறைத்து, சுவரில் கரியால் கோடு போட்டு, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் தண்ணீர் கோட்டுக்கு மேல் ஏறியிருந்தால் இறைக்க இன்னும் நேரம் வரவில்லை. கிணற்று மட்டம் இறங்கத் தொடங்கிய பிறகு மீண்டும் ஓரடி.

சின்ன பற்றரிக்கும் ஒரு நல்ல வேலை இருக்கிறது. படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்க 12 வோல்ட்டில் ஓடும் சிறிய பம்ப் இருக்கிறது. அது மூன்று நாலு அம்பியர்தான் எடுக்கும், 100 அம்பியர் மணி பற்றரியில் பன்னிரண்டு மணி நேரம் ஓடும், கசிவு குறைவென்றால் அதுவே போதும். அப்படி ஒரு பற்றரியை அதற்கும் போனுக்கும் விளக்குக்கும் வையுங்கள்.

கரண்ட் இல்லாத நாட்களுக்கு வீட்டார் தயாராவதைப் பற்றி வன்னியில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. 90களில் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தல் விளக்கில் பரீட்சைக்குப் படித்த சனம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் வெட்டியபோதும் இங்கே யாரும் பதறவில்லை. ஆனால் அன்றைக்குக் கிணற்றில் கப்பியும் வாளியும் இருந்தது. இன்றைக்கு மோட்டர் வந்ததும் கப்பியைக் கழற்றிவிட்டார்கள். உங்கள் கிணற்றில் கப்பி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் இந்த மாதமே போடுங்கள். புயல் என்று கேள்விப்பட்டதும் மேல் தொட்டியை நிரப்ப வேண்டும், குடிதண்ணீரை மூடிய கலன்களில் ஆளுக்கு நாலு லீற்றர் வீதம் நாலு நாளுக்கு எடுத்து வைக்க வேண்டும். அம்மா இன்சுலின் போடுகிறா என்று எழுதியிருந்தீர்கள். பாவிக்கத் தொடங்கிய போத்தல் வெயில் படாமல் இருந்தால் ஏறத்தாழ நாலு வாரம் குளிர்ப்பெட்டி இல்லாமலும் தாங்கும். மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, இடையில் ஈர மணல் போட்டு, மேலே ஈரத்துணி மூடினால் நன்றாகக் குளிர்ந்திருக்கும். திறக்காத போத்தல்களை ஆஸ்பத்திரியில் வைத்துத் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

தகவல் வரும் வழியும் அறுந்துவிடும், போன் கோபுரத்துப் பற்றரியும் சில மணி நேரம்தான். பற்றரி போட்ட சின்ன றேடியோ ஒன்று அவசியம். 2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையில் 36 அடி கொள்ளும் இரணைமடு நிரம்பி, வான்கதவுகள் திறந்தபோது, விடியும் முன் கீழ்ப்பக்கத்து ஊர்களில் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. மழை நின்ற பிறகும் கனகராயன் ஆறு மாங்குளம் பக்கத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து குளத்தில் சேர்த்துக்கொண்டே இருக்கும். அதனால் மழை விட்டதும் மூட்டையை இறக்கிவிடாதீர்கள். குளத்து மட்டத்தைக் கமக்கார அமைப்பிடம் கேட்டுக்கொண்டிருங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, நோயாளர் வண்டிக்கு 1990. இரண்டையும் அம்மாவின் போனில் மட்டும் வைக்காமல் சுவரிலும் பெரிதாக எழுதுங்கள்.

தண்ணீர் வற்றிய பிறகு கீழறைக்குள் முதலில் இறங்குவது நீண்ட தடி. புடையன் பாம்பு மூட்டை இடுக்கிலும் படிக்கு அடியிலும் சுருண்டு கிடக்கும், தண்ணீரிலிருந்து தப்ப அதற்கும் மேடு வேண்டும். இறங்குபவர் காலில் பூட்ஸ், கையில் உறை, புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனது இப்படியொரு மழைக்குப் பிறகுதான். வயலிலோ சேற்றிலோ இறங்குகிறவர்களுக்குத் தடுப்பு மருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கிடைக்கும், காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் சேர்ந்து வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. வெள்ளம் கிணற்றுக் கட்டுக்கு மேலால் போயிருந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போடும்வரை அதைக் குடிக்க வேண்டாம். வேறு வழியே இல்லாவிட்டால் துணியில் வடித்து, தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடமாவது அடுப்பில் விட்டு ஆற வையுங்கள். நனைந்த வயரையும் சுவிச்சையும் ஒரு மின்னியலாளர் பார்த்துச் சரி சொல்லும்வரை கீழறைப் பிரேக்கர் நிறுத்தியபடியே இருக்கட்டும்.

இப்போது எனக்கு மூன்று விவரம் வேண்டும். அன்றைய தண்ணீர் தெளிவா கலங்கலா, கிணற்று மட்டம் இன்றைக்கு எத்தனை அடியில், அறைத் தரைக்கும் காணியின் தாழ்ந்த மூலைக்கும் நீர்மட்டக் குழாயில் எவ்வளவு வித்தியாசம். தங்கச்சியிடம் கேட்டு எழுதுங்கள். சரிவு ஓரடிக்கு மேல் இருந்தால் குழாயை எங்கே தொடங்கி எந்தப் பக்கத்தால் கொண்டுபோகலாம் என்று நானே படம் கீறி அனுப்புகிறேன். ஆவணி முடிவதற்குள் வெட்டிவிட வேண்டும், புரட்டாதியில் களி இறுகிக் கிடந்தாலும் வெட்டலாம், ஐப்பசியில் களி மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விடாது.